வாராவாரம் கூடும் நண்பர்கள் முறை வைத்து இனிப்பு கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வாரத்துக்கு ஒருநாள் கூடுகிற நண்பர்கள், "இந்த வாரம் இனிப்பு நீ, அடுத்த வாரம் நான்" என்று பிரித்துக்கொள்வது ஆரம்பத்தில் ரொம்பச் சுலபமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் அது நின்றுபோவதற்கு இரண்டு காரணங்கள் போதும். ஒன்று, யார் முறை என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாமல் போவது. இன்னொன்று, யாரோ ஒருவர் மூன்றடுக்கு கேக்கோடு வந்து நிற்க, அடுத்தவர் அதற்குக் குறையாமல் எதையாவது செய்தாக வேண்டுமே என்று ராத்திரி முழுக்க அடுப்படியில் நிற்க, அதற்கடுத்தவர் தன் முறை வரும் வாரத்தில் "வேலை இருக்கு, வர முடியலை" என்று சொல்லிவிடுவது. முதலாவதைவிட இரண்டாவதுதான் அதிகமான கூட்டங்களைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம், ஏனென்றால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அதனால் இங்கே சொல்லும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான். உங்கள் குழுவில் நேரமும் கைப்பழக்கமும் மிகக் குறைவாக உள்ளவர், அவருடைய மோசமான வாரத்திலும், சங்கடப்படாமல் தன் முறையை முடிக்க முடிய வேண்டும்.

1. ஆரம்பிக்கும் முன் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்

வாட்ஸ்அப்பில் வேண்டாம், நேரில் பேசுங்கள். பத்து நிமிடம் போதும். முதலில், யார் யார் சேர்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லோரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சமையலும் பிடிக்காது, கடைக்குப் போகவும் நேரமில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் காபி, டீ, தட்டு, கரண்டி, கடைசியில் பாத்திரம் கழுவுவது என்று வேறொரு பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். அது இனிப்புக்குக் குறைந்த வேலை இல்லை.

அப்புறம் குறைந்தபட்சம் எது என்று முடிவு செய்யுங்கள். பேச்சிலேயே முக்கியமான இடம் இதுதான். உதாரணமாக, "நறுக்கிய பழம் ஒரு பெரிய கிண்ணம், அல்லது கடையில் வாங்கிய ஒரு டப்பா ஐஸ்கிரீம், இதுவும் முழு முறையாகக் கணக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். நன்றாகச் சமைக்கிறவர் வாயிலிருந்தே இந்த வார்த்தை வந்தால் இன்னும் நல்லது. முடிந்தால் அவரே முதல் வாரம் ஏதாவது எளிமையாகக் கொண்டுவரட்டும். முதல் வாரத்தில் மேசைக்கு என்ன வருகிறதோ அதுதான் அளவு என்று எல்லோரும் மனதில் குறித்துக்கொள்வார்கள், பிறகு எவ்வளவு பேசினாலும் அது மாறாது.

கடையில் வாங்கியதும் வீட்டில் செய்ததும் ஒன்றுதான் என்பதில் உறுதியாக இருங்கள். "ஓ, வாங்கினதா?" என்று ஒருவர் கேட்டால் போதும், கேட்கப்பட்டவர் அடுத்த தடவை தயங்குவார். செலவு விஷயத்தில், சின்ன வித்தியாசங்களைக் கணக்குப் பார்க்காமல் விடுவதே நல்லது. யாருக்காவது பணம் நெருக்கடி என்று தெரிந்தால் அவரைத் தனியாகக் குறிப்பிடாமல், "இந்தச் சுற்று எல்லோரும் நாலைந்து பொருளில் முடிகிற மாதிரி எளிமையாகச் செய்யலாம்" என்று பொதுவாக மாற்றிவிடுங்கள்.

2. யாரால் எதைச் சாப்பிட முடியாது என்று எழுதி வையுங்கள்

இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். குழுவின் விவரக் குறிப்பில் எழுதி, எப்போது வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருங்கள். விருப்பமின்மை வேறு, ஒவ்வாமை வேறு, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். திராட்சை பிடிக்காதவர் ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடுவார். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு வேர்க்கடலை பட்ட கத்தியில் வெட்டினாலே ஆபத்து வரலாம்.

இனிப்புகளில் அடிக்கடி வந்து நிற்பவை பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, பாதாம் முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, எள். இவற்றில் ஒன்று ஆகாதவர் இருந்தால் கேட்காமல் எதையும் அனுமானிக்காதீர்கள். டார்க் சாக்லேட்டில் பால் இருக்காது என்று நினைப்போம், பல டப்பாக்களில் இருக்கும். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமை கிடையாது, ஆனால் கோதுமை அரைக்கும் இடத்திலேயே அதுவும் அரைபட்டிருக்கலாம், அதனால் சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் ஆகாத நோய்) உள்ளவருக்கு அதற்கென்று தனியாகக் குறிப்பிட்டு விற்கும் ஓட்ஸ்தான் வேண்டும். கடையில் வாங்கினால் டப்பாவைத் தூக்கிப்போடாமல் லேபிளோடு கொண்டுவாருங்கள், சம்பந்தப்பட்டவர் தானே படித்துக்கொள்ளட்டும்.

ஜெலட்டின் மிருகத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. ஜெல்லி, மூஸ், சில சீஸ்கேக், மார்ஷ்மெல்லோ என்று எதிர்பாராத இடத்திலெல்லாம் இருக்கும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் மத நியமம் பார்க்கிறவர்களுக்கும் இது பெரிய விஷயம். அதற்குப் பதில் அகர் அகர் என்கிற கடற்பாசியைப் பயன்படுத்தலாம். அதேபோல ரம், ஒயின் சேர்த்த கேக்கில் வேகும்போது ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்பது சரியில்லை, ஒரு பகுதி தங்கும். சேர்த்திருந்தால் சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் கூட்டத்துக்குப் பச்சை முட்டை சேரும் மூஸும் டிராமிசுவும் வேண்டாம், அல்லது முட்டை இல்லாத செய்முறையைத் தேடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் சேர்ந்த எதையும் கொடுக்கக்கூடாது. கூடுகிற வீட்டில் நாய் இருந்தால் சாக்லேட்டும், சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த எதுவும் அதன் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், இரண்டுமே அதற்கு விஷம்.

சர்க்கரை நோய் உள்ள நண்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு செய்து அவரைச் சங்கடப்படுத்துவது இங்கேதான் அதிகம். "உனக்காகத் தனியா சுகர் ஃப்ரீ கொண்டுவந்திருக்கேன்" என்று எல்லோர் முன்னாலும் ஒரு டப்பாவை நீட்டாதீர்கள். சுகர் ஃப்ரீ என்று எழுதியிருப்பதிலும் மாவும் பாலும் இருக்கும், அவை இரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரைக்குப் பதில் அதில் சேர்க்கும் மால்டிட்டால், சார்பிட்டால் போன்றவை கொஞ்சம் அதிகமானால் வயிற்றைக் கலக்கும். அவரிடமே தனியாகக் கேளுங்கள். பலர் சொல்வது, "சின்னத் துண்டாக இருந்தால் போதும், நான் பார்த்துக்கொள்வேன்" என்பதுதான். அப்படியென்றால் எல்லோருக்குமே சின்னத் துண்டாக வெட்டி, வேண்டியவர்கள் இரண்டு எடுத்துக்கொள்ளட்டும். பிரச்சினை முடிந்தது, யாரும் தனித்துத் தெரியவில்லை.

3. வரிசை போடுவது

தேதிக்கு ஆள் என்று போடாதீர்கள். ஆளுக்குப் பின் ஆள் என்று வரிசை மட்டும் போடுங்கள். இந்த ஒரு மாற்றம் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். தேதி போட்டால், ஒரு வாரம் கூட்டம் நடக்காவிட்டால் அந்த வாரத்துக்காரர் தப்பித்துக்கொண்டார் என்றாகிவிடும், அல்லது அவர் வாங்கிவைத்த சாமான் வீணாகும். வரிசையாக இருந்தால் கூட்டம் எப்போது நடந்தாலும் அடுத்த ஆள் அவர்தான். முதல் வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுங்கள், ஏன் எனக்கு முதலில் என்ற பேச்சே வராது.

ஆறு பேர் என்றால் வருடத்தின் 52 வாரத்தில் ஆளுக்கு எட்டு அல்லது ஒன்பது முறை வரும். இது சௌகரியமான அளவு. நாலு பேர் என்றால் ஆளுக்கு 13 முறை, மாதத்துக்கு ஒன்றுக்குமேல், கொஞ்சம் கனம்தான். அப்படிப்பட்ட குழுவில் ஐந்து வாரம் வரும் மாதங்களின் கடைசி வாரத்தை யார் முறையும் இல்லாமல், இனிப்பே இல்லாமல் முடித்துக்கொள்ளலாம், வருடத்தில் நாலைந்து வாரம் இப்படி ஓய்வு கிடைக்கும். பத்துப் பேருக்கு மேல் போனால் எதிர்ச்சிக்கல் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் முறை வருவதால் மறந்துபோவார்கள், ஒரே ஆள் அத்தனை பேருக்கும் கொண்டுவருவதும் பாரம். வாரத்துக்கு இரண்டு பேர் என்று ஜோடியாக்கி, பாதிப் பாதி கொண்டுவரச் சொல்லுங்கள்.

வீடும் மாறி மாறி வருகிறது என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டுக்காரரே அன்று இனிப்பும் கொண்டுவரும்படி ஆகக்கூடாது. வீடு கூட்டி, உணவு தயார் செய்து, நாற்காலி போட்டு அவர் ஏற்கெனவே களைத்திருப்பார். ஆறு பேருக்கு இரண்டு வரிசையும் ஒரே ஒழுங்கில் இருந்தால், இனிப்பு வரிசையை மூன்று இடம் தள்ளி ஆரம்பியுங்கள், இரண்டும் சேர்ந்தே நகரும்வரை மோதாது.

முறை மாற்றிக்கொள்ள ஒரே விதி போதும். வர முடியாதவர் தானே இன்னொருவரைப் பேசி மாற்றிக்கொண்டு, மாறியதைக் குழுவில் சொல்லிவிட வேண்டும். "யாராவது பார்த்துக்குங்க" என்று பொதுவாகப் போடும் செய்திக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். மாற்றுவது என்றால் இடம் மாற்றிக்கொள்வதுதான், விட்டுவிடுவது இல்லை. உடம்பு சரியில்லாமல் போனது, வீட்டில் துக்கம், குழந்தை பிறந்தது என்றால் மட்டும் எந்தக் கணக்கும் இல்லாமல் ஒரு சுற்றை விட்டுக்கொடுங்கள்.

4. உங்கள் முறை வரும் வாரத்தில்

மூன்று நாளைக்கு முன் குழுவில் ஒரு செய்தி போடுங்கள். இப்படி:

"சனிக்கிழமை என் முறை. பிரவுனி கொண்டு வர்றேன். முட்டை, பால், கோதுமை இருக்கு, நட்ஸ் இல்லை. யார் யார் வர்றீங்கன்னு வியாழனுக்குள்ள சொல்லிடுங்க."

இதில் நாலு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. யார் முறை என்பது உறுதியாகிறது, என்ன வருகிறது என்று தெரிகிறது, ஆகாதவர் முன்கூட்டியே சொல்ல முடிகிறது, தலைக்கணக்கும் வந்துவிடுகிறது. முறைக்காரர் மறந்துவிட்டால் அவருக்கு முந்தைய வாரத்துக்காரர் ஞாபகப்படுத்துவது என்று வைத்துக்கொண்டால் எப்போதும் ஒரே ஆள் எல்லோரையும் விரட்டும் நிலைமை வராது. குளிர வைக்க வேண்டியது என்றால் முந்தின நாளே வீட்டுக்காரரிடம் ஃபிரிட்ஜில் இடம் இருக்கிறதா, ஒரு தட்டு போடும் உயரம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஆறு பேர் சாப்பாடு அடைத்து வைத்திருக்கும் ஃபிரிட்ஜில் கடைசி நிமிடத்தில் கேக் நுழையாது.

5. எதைத் தேர்ந்தெடுப்பது

இதுவரை செய்யாத ஒன்றை அன்று முதல்முறையாகச் செய்வதில் தப்பில்லை, ஆனால் வார நடுவில் கொஞ்சமாகச் செய்துபார்க்க நேரம் இல்லையென்றால் தெரிந்ததையே செய்யுங்கள். எனக்குப் பிடித்த விதி: முந்தின நாளே முடிகிற இனிப்பு. வேலை முடிந்து ஓடிவந்து ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது எதுவானாலும் அந்த மாலையைக் கெடுத்துவிடும். பிரவுனி, சாக்லேட் கேக், இஞ்சி கேக் இவையெல்லாம் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். சீஸ்கேக்கும் புட்டிங்கும் எப்படியும் ராத்திரி முழுக்க இறுக வேண்டியவை. எண்ணெய் சேர்த்த கேக் ஃபிரிட்ஜில் வைத்தாலும் மெத்தென்றே இருக்கும், வெண்ணெய் சேர்த்தது குளிரில் கல்லாகிவிடும், அதனால் க்ரீமோ பழமோ வைக்காத வெண்ணெய் கேக்கை வெளியிலேயே காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெறும் ஸ்பாஞ்ச் கேக் மட்டும் நாள்பட்டால் உலரும்.

இறுக வைக்கும் இனிப்புகளில் ஜெலட்டினுக்கும் அகர் அகருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்திருந்தால் ரொம்ப உதவும். ஜெலட்டின் உடல் சூட்டிலேயே உருகிவிடும், வாயில் வைத்ததும் கரைவது அதனால்தான், வெயில் நேரத்தில் கொண்டுபோகும் வழியிலேயே குழைவதும் அதனால்தான். அகர் அகரைக் கொதிக்க வைத்துக் கரைக்க வேண்டும், ஆறி 40 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் வரும்போதே இறுகிவிடும், மறுபடி உருக 85 டிகிரி வரை வேண்டும். அதனால் ஃபிரிட்ஜ் இல்லாத வழிப்பயணத்திலும் குலையாது, ஆனால் வாயில் கரையாது, கொஞ்சம் கடித்துச் சாப்பிட வேண்டியதாக இருக்கும். இன்னொன்று, சமைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி இவற்றில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. ஜெலட்டின் ஒரு புரதம், அதனால் இந்தப் பழங்களைப் போட்டால் அது இறுகவே இறுகாது. பழத்தைக் கொதிக்கவிட்டோ டப்பாவில் அடைத்து வருவதையோ சேர்த்தால் சரியாக வரும்.

அளவுக்கு வருவோம். 20 செ.மீ. சதுரத் தட்டில் செய்த பிரவுனியை ஐந்து செ.மீ. சதுரமாக வெட்டினால் 16 துண்டு வரும், எட்டுப் பேருக்கு ஆளுக்கு இரண்டு. கிண்ணத்தில் ஊற்றுவது என்றால் ஆளுக்கு 125 மி.லி. தாராளம், எட்டுப் பேருக்கு ஒரு லிட்டர். சாப்பாட்டுக்குப் பிறகு வருவது என்பதால் நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் செலவாகும். செய்முறையில் சொன்ன தட்டு உங்களிடம் இல்லையென்றால் பரப்பளவைப் பாருங்கள். 23 செ.மீ. வட்டத் தட்டும் 20 செ.மீ. சதுரத் தட்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் 23 செ.மீ. வட்டத்துக்குப் பதில் 20 செ.மீ. வட்டத்தை எடுத்தால் பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான், பரப்பளவில் கால் பங்கு குறைந்துவிடும், மாவு வழியும். ஆட்கள் அதிகம் என்றால் இரட்டிப்பு மாவை ஒரே ஆழமான தட்டில் ஊற்றாதீர்கள், ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கும். இரண்டு தட்டாகச் செய்யுங்கள்.

மேலே எதுவும் வைக்காத, நன்றாக வெந்த கேக், பிரவுனி, குக்கீ தவிர, முட்டை, பால், க்ரீம், வெட்டிய பழம் இருக்கும் எதையும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாளில் ஒரு மணி நேரம்தான். இந்தக் கணக்கு உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கிறது, மேசையில் வைத்ததிலிருந்து இல்லை. பயணம் நாற்பது நிமிடம் என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. கொண்டுபோய்ச் சேர்ப்பது

செய்த தட்டிலேயே கொண்டுபோங்கள், அழகுத் தட்டுக்கு மாற்றுவது அங்கே போன பிறகு. கார் சீட் பின்பக்கமாகச் சரிந்திருக்கும், அதனால் தட்டைக் கால் வைக்கும் இடத்திலோ டிக்கியின் சமதரையிலோ, அடியில் ஒரு ஈரத்துணி விரித்து வையுங்கள், வழுக்காது. பஸ்ஸிலோ இருசக்கர வண்டியிலோ போகிறவர் கேக் மேல் க்ரீம் வைக்கும் ஆசையை விட்டுவிடட்டும். மூடி போட்ட தனித்தனிக் கிண்ணங்களில் புட்டிங், அல்லது குக்கீ, இவை எந்தக் குலுக்கலையும் தாங்கும். க்ரீம், பழம், சாக்லேட் துருவல் எல்லாவற்றையும் தனி டப்பாவில் எடுத்துப்போய் அங்கேயே மேலே வையுங்கள். குளிர வேண்டியதற்கு ஐஸ் பேக் வைத்த பை. ஐஸ்கிரீம் வழியில் முழுசாக உருகிவிட்டால் திரும்ப உறைய வைத்துப் பரிமாற வேண்டாம், சுவையும் போய்விடும், பாதுகாப்பும் இல்லை.

தட்டு, மூடி, கரண்டி எல்லாவற்றிலும் பெயர் எழுதிய டேப் ஒட்டுங்கள்.

7. மேசையில், அப்புறம் மிச்சம்

வெட்டிக் கொடுக்கும் வேலை கொண்டுவந்தவருடையது, எத்தனை துண்டு கணக்கு என்று அவருக்குத்தான் தெரியும். சீஸ்கேக், பிரவுனிக்கு கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் வெட்டினால் ஓரம் சுத்தமாக வரும். ஒவ்வாமை உள்ளவருக்கு முதலில், சுத்தமான கத்தியில் எடுத்துக்கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குப் போங்கள். வேண்டாம் என்கிறவரை இரண்டாவது தடவை கட்டாயப்படுத்தாதீர்கள். மிச்சத்தில் கொஞ்சம் வீட்டுக்காரருக்கு, மீதி யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு, காலியான பாத்திரம் அன்று ராத்திரியே சொந்தக்காரரோடு போக வேண்டும். "அடுத்த வாரம் தர்றேன்" என்று தங்கும் மூடிகள் திரும்புவது அபூர்வம்.

பாராட்டுவதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பிரமாதமான கேக்குக்கு எல்லோரும் போட்டோ எடுத்துவிட்டு, அடுத்த வாரப் பழக்கிண்ணத்தைப் பேசாமல் காலிசெய்தால், குறைந்தபட்சம் என்று பேசிவைத்தது அங்கேயே உடைந்துபோகும். கொண்டுவந்ததற்கு நன்றி சொல்லுங்கள், எல்லா வாரமும், ஒரே மாதிரி. ஒப்பிடும் பேச்சு வேண்டவே வேண்டாம், "போன வாரத்தது இதைவிட நல்லா இருந்துச்சு" என்று பிரியமாகச் சொன்னாலும்கூட.

8. இடையில் தடுமாறினால்

முறைக்காரர் மறந்துவிட்டு வெறும் கையோடு வந்தால் அன்று இனிப்பு இல்லை, அவ்வளவுதான், அடுத்த வாரம் அவர் கொண்டுவருவார். வரிசை ஒரு இடம் நகர்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுக்காரர் அவசரமாக அடுப்பைப் பற்றவைத்து எதையாவது செய்து நிரப்பக்கூடாது, ஏனென்றால் அது மறந்தவருக்கு இன்னும் சங்கடம். செய்தது வேகவில்லை, சரிந்துவிட்டது என்றால் உடைந்த கேக்கைக் கிண்ணத்தில் அடுக்கி மேலே கஸ்டர்டும் பழமும் ஊற்றுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் நடுவில் மாவு பச்சையாக இருந்தால் திரும்ப அடுப்பில் வையுங்கள், முட்டை மட்டுமல்ல, வேகாத மாவும் வயிற்றுக்கு ஆபத்து.

ஒரே ஆள் மறுபடி மறுபடி முறையைத் தவறவிட்டால் குழுவில் கேட்காதீர்கள். யாராவது ஒருவர் தனியாகப் பேசுங்கள், "ஏன் கொண்டுவரலை" என்று ஆரம்பிக்காமல் "கொஞ்ச நாள் உன்னை வரிசையிலிருந்து எடுத்து வைக்கட்டுமா, அப்புறம் சேர்ந்துக்கலாம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் வேறு ஏதோ சுமை இருக்கும், அது அந்தப் பேச்சில் வெளியே வரும். அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்வது இனிப்பைவிட முக்கியம்.

புதிதாகச் சேர்பவரை வரிசையின் கடைசியில் போடுங்கள், முதல் சுற்றில் சும்மா வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரிசையைத் தலைகீழாக்குங்கள், வீட்டு வரிசையோடு மோதுகிறதா என்று அப்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே நாளில் இரண்டாவது படியில் எழுதிய பட்டியலையும் எல்லோரும் சேர்ந்து மறுபடி படித்துத் திருத்துங்கள், ஏனென்றால் ஒவ்வாமை புதிதாக வரும், மருத்துவர் சொன்ன கட்டுப்பாடு மாறும், அதை யாரும் தானாக வந்து அறிவிப்பதில்லை.